கால் மாத்திரை

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அதனால் நின்றுகொண்டிருக்கிறேன் என்று எழுதுகிறேன். இந்தக் கடிதத்தையும் மருந்து அலமாரி மேல் தாளை வைத்து நின்றபடிதான் எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மா எப்படி? உன் காது மெஷின் இன்னும் கீச்சென்று கத்துகிறதா? போன வாரம் போனில் சாப்பிட்டாயா என்று நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் "சரி, பத்திரம்" என்றாய். நமக்குப் போன் சரிப்படாது, கடிதம்தான்.

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. நாலு டெக்னீஷியன் இருக்கவேண்டிய இந்த மிருக ஆஸ்பத்திரியில் இருப்பது இரண்டரை பேர்: மூத்தவர், நான், அரை நாள் மட்டும் வரும் ஒல்லி. காலையில் கூண்டு கழுவ வேண்டும். தங்கியிருக்கும் நாய்களுக்குக் காய்ச்சல் பார்க்க வேண்டும். தெர்மாமீட்டர் வைக்கும் இடம் வாய் அல்ல என்பது உனக்குத் தெரியும். பிறகு ரத்தம் எடுப்பது, எக்ஸ்ரேக்குப் பிடிப்பது, நகம் வெட்டுவது, அறுவைக்கு முன்னால் மயிர் சிரைப்பது. அறுவை நடக்கும்போது மயக்க மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுவதும் நான்தான். டாக்டர் வெட்டுவார், தைப்பார். அதுவரை அந்த உயிர் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நான். ஆனால் வெளியே வந்ததும் எல்லாரும் டாக்டரைத்தான் கும்பிடுவார்கள். என்னைக் கடித்துவிட்டுப் போவார்கள். (கடிப்பது நாய்கள் மட்டும் இல்லை.)

இன்று ஒரு நாய் எடைமேடையில் நிற்கவே மாட்டேன் என்றது. அப்படிப்பட்டதை நானே தூக்கிக்கொண்டு ஏறுவேன். எழுபத்தொன்று காட்டியது. என் எடை ஐம்பத்திரண்டைக் கழித்து, நாய் பத்தொன்பது என்று எழுதினோம். இதனால் ஆஸ்பத்திரி முழுக்க என் எடை மனப்பாடம். வயதை மறைக்கலாம், இதை மறைக்க முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூத்தவர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "அடுத்து நீதான், மனசுல வச்சுக்கோ" என்றார். அந்த வேலையோடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் வீடும் வரும். இரண்டு அறை, தரைத்தளம், படியே இல்லை. அம்மாவையும் உன்னையும் இங்கே அழைத்துவந்துவிடலாம், அக்கா. இன்னும் ஐந்தே மாதம், பல்லைக் கடித்துக்கொண்டு இரு.

இப்படிக்கு, கால் வலிக்கும்
உன் தங்கை


ஜனவரி 29

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். மெஷின் கத்தத்தான் செய்கிறது. இப்போதெல்லாம் அது கத்துவது மட்டும்தான் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். தெர்மாமீட்டர் இடத்தில் சிரித்தாள். பக்கவாதம் வந்த பிறகு அவளுக்குப் பாதி வாய்தான் சிரிக்கும், அந்தப் பாதி நன்றாகச் சிரித்தது. வீட்டு விஷயத்தைப் படித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பால் அடுப்பில் பொங்கி வழிந்தது.

கதவு அகலம் எவ்வளவு என்று அளந்து எழுது. சக்கர நாற்காலி இருபத்தாறு அங்குலம். குளியலறை வாசலில் மேடு இருக்கிறதா? கட்டிலை எந்தச் சுவரோடு போடுவது? சிரிக்காதே. ஆறு வருஷமாக நான் ஒருத்தியே அவளைத் தூக்கி, துடைத்து, ஊட்டி வருகிறேன். அலுப்பில்லை என்று எழுத மாட்டேன். அலுத்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்தால், ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போய் அவசரப்படாமல் திரும்பி வருவேன். எனக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது.

மூத்தவரிடம் நல்ல பேர் எடு. பெரிய டாக்டரிடம் எதிர்த்து வாயாடாதே. உன் வாய் எனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கதவு இருபத்தொன்பது அங்குலம். மேடு இல்லை.

இந்த மாதம் அறுவை அதிகம். ஒல்லிக்கு ஜுரம், அவள் வேலையும் என் தலையில். மூத்தவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒரே நாளில் பதினாலு வந்தன. அறுவையில் ஒரு பூனை போய்விட்டது. இதயம் பலவீனம் என்று டாக்டர் எழுதினார். மற்றபடி எல்லாம் வழக்கம்போல்தான்.

வேறு என்ன எழுத. கை கழுவிக் கழுவித் தோல் வெடித்துவிட்டது, பேனா பிடித்தால் எரிகிறது. அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

தங்கை


மார்ச் 6

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. அம்மா சௌக்கியம். நானும் அப்படித்தான்.

இது என்ன கடிதமா, மருந்துச் சீட்டா? தாளின் பின்பக்கம் காலியாக வந்திருக்கிறது. உனக்கு எழுதத் தெரிந்த நாளிலிருந்து தாளின் ஓரத்தில்கூட இடம் விட்டதில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்ட ஒன்றுமே இல்லாமல், ஒரு குரங்கு உன் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனதாக நானே சேர்த்துப் படித்தேன். அவள் நம்பிவிட்டாள். இப்போது தினமும் குரங்கைக் கேட்கிறாள். அடுத்த கடிதத்தில் அதற்கு ஒரு வழி செய்.

வீட்டுக்காரரிடம் ஜூலையில் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. இத்தனை வருஷத்தில் அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

கைக்கு எண்ணெய் தடவு.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவிடம் அந்தக் குரங்கு கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று சொல்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர் இருக்கிறார். மேசையும் அவருமாகச் சேர்ந்தாலே கடை நிறைந்துவிடும். தனி ஆள். இரண்டு பூனைகள் வளர்த்தார், ஒரே ஈற்றுக் குட்டிகள். நொடி, நிமிஷம் என்று பேர். போன கடிதத்தில் எழுதினேனே, அறுவையில் செத்த பூனை, அது நொடி.

பிறவியிலேயே இதயம் பலவீனம் என்று டாக்டர் சொன்னதும், கூடப் பிறந்ததற்கும் அது இருக்குமே என்று மறு வாரமே நிமிஷத்தைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பெரிய டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று இதய மாத்திரை எழுதினார். மனிதர்கள் சாப்பிடுவதுதான். பூனைக்கு அதில் தினம் கால் பங்கு.

வெட்டிக் கொடுப்பது என் வேலை. மாத்திரை மிளகளவுதான் இருக்கும். பிளேடை வைத்தால் ஒரு துண்டு பெரிதாக வரும், ஒன்று தூளாகப் போகும். அவர் கடிகாரம் திறக்கும்போது கண்ணில் மாட்டும் கண்ணாடியைக் கையோடு கொண்டுவந்து, ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பார்க்கிறார். போன வாரம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, "இது கொஞ்சம் பெரிசா இருக்கேம்மா, அது தாங்குமா?" என்று கேட்டார். வேறு துண்டு கொடுத்தேன்.

நிமிஷம் குதிக்கக் கூடாது என்று வீட்டில் இருந்த அலமாரியையே யாருக்கோ கொடுத்துவிட்டாராம். ஜன்னலில் பறவையைப் பார்த்தால் அதற்குப் படபடப்பு வரும் என்று ஜன்னலுக்குத் துணி கட்டியிருக்கிறார். போகும்போதெல்லாம், "நொடிக்குக் கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்தது நீங்கதானே" என்று எனக்கு நன்றி சொல்கிறார். ஒரு நாள்கூட விடாமல் சொல்கிறார்.

நேற்று ஒரு தடியன் நாய். தூக்கிக்கொண்டு ஏறினேன். அறுபத்தொன்பது. நாற்பத்தேழைக் கழித்து இருபத்திரண்டு.

களைப்பாக இருக்கிறது அக்கா. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு.

உன் தங்கை


ஏப்ரல் 29

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு இடுப்பில் ஒரு புண் வந்திருக்கிறது, மருந்து போடுகிறேன். என்னைப் பற்றிக் கேட்காதே.

எனக்குக் காதுதான் கேட்காது, கண் நன்றாகத் தெரியும். ஜனவரியில் நீ கழித்தது ஐம்பத்திரண்டு. இப்போது கழித்திருப்பது நாற்பத்தேழு. மூன்று மாதத்தில் ஐந்து கிலோ எங்கே போச்சு?

ஒரு பூனை செத்ததற்கு யாரும் இப்படி இளைக்க மாட்டார்கள். நீ பார்க்காத சாவா? வாரத்துக்கு இரண்டு பார்க்கிறவள் நீ. அந்த மனிதர் நன்றி சொல்கிறார் என்று மூன்று வரி எழுதியிருக்கிறாய், நீ அவருக்கு என்ன பதில் சொன்னாய் என்று ஒரு வார்த்தை இல்லை.

என்ன செய்தாய்? அடுத்த கடிதத்தில் பூனையை எழுதாதே. உன்னை எழுது.

அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. அதைப் படித்துவிட்டுக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். ஒல்லி கதவைத் தட்டி, கிளி கடித்துவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நொடியைக் கொன்றது நான்தான்.

மயக்க மெஷினில் ஒரு வால்வு உண்டு. பூனை விடும் மூச்சும் மிஞ்சுகிற காற்றும் அதன் வழியாகத்தான் வெளியே போகும். அறுவைக்கு முன்னால் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க அந்த வால்வை மூடி, பையில் காற்றை நிரப்பி, அமுக்கிப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் திறந்துவிட வேண்டும். பதினோரு வருஷமாகத் தினம் செய்கிறேன். அன்று மூடினேன், அமுக்கினேன், சரியாக இருந்தது. அந்த நேரம் வெளியே இரண்டு நாய்கள் சண்டை போட்டு ஒன்றுக்குக் காது கிழிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பிரித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்தேன். டாக்டர் கையுறை போட்டுத் தயாராக நின்றார். பூனையை மெஷினோடு இணைத்துவிட்டேன். வால்வைத் திறக்கவில்லை.

சின்னப் பூனை, அக்கா. இரண்டே முக்கால் கிலோ. காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது, வெளியே போக வழி இல்லை. அன்று என் பத்தாவது உருப்படி அது, நான் தாளில் மருந்தளவு எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பை பந்துபோல் உப்பி நின்றது. திறந்தேன். அதற்குள் துடிப்பு இல்லை. நெஞ்சை அமுக்கினோம், இருபது நிமிஷம். ஒன்றும் ஆகவில்லை.

என் கை வால்வில் இருந்ததை டாக்டர் பார்த்தார். திட்டவில்லை. "இதயம் பலவீனம்னு எழுதிடலாம். நீ போய் முகம் கழுவிட்டு வா" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் அன்றே பிழைத்திருப்பேன்.

அந்த ஒரு வரிப் பொய்க்காகத்தான் நிமிஷம் இன்று மாத்திரை சாப்பிடுகிறது. அதற்கு ஒரு நோயும் இல்லை. டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கால் மாத்திரையைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிற அந்த மனிதருக்கு மட்டும் தெரியாது.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். சொன்னால் வேலை போகும், வீடு போகும். உன்னையும் அம்மாவையும் நினைத்துதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி பயம்.

அம்மாவின் புண் எப்படி இருக்கிறது? எவ்வளவு பெரிது என்று அளந்து எழுது.

தங்கை


மே 10

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது.

வாயைத் திறக்காதே.

நான் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள். செத்தது பூனை. இங்கே கிடப்பது அம்மா. நீ வேண்டுமென்று செய்யவில்லை, செத்தது திரும்பி வரப்போவதும் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த மனிதருக்கு என்ன லாபம்? இப்போது அவருக்கு வருத்தம் மட்டும் இருக்கிறது. சொன்னால் கோபமும் சேரும். மாத்திரையை ஏதாவது சாக்கு வைத்து மெல்ல நிறுத்தச் சொல் உன் டாக்டரை. உண்டாக்கியவருக்கு முடிக்கத் தெரியாதா?

நீ ஐந்து கிலோ இளைத்ததை எழுதிவிட்டாய். நான் எழுதவில்லை, அவ்வளவுதான். தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. அம்மாவை நாற்காலிக்கு மாற்றும்போது ஒவ்வொரு முறையும் எங்கே விட்டுவிடுவேனோ என்று பயந்துகொண்டுதான் தூக்குகிறேன். ஜூலையை நினைத்துத்தான் காலையில் எழுகிறேன். ஜூலை இல்லை என்றால் எதை நினைத்து எழுவது என்று நீயே சொல்.

எல்லாரும் ஏதாவது ஒன்றை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீயும் விழுங்கு.

புண் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் தோள் எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒற்றடம் கொடு.

மூத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். வேலை எனக்குக் கிடைத்தது. வீட்டுச் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தேன். முன்னறைச் சுவரில் ஈரம் இல்லை, அம்மாவின் கட்டிலை அங்கே போடலாம். காலை வெயில் பாதம் வரை வரும். பின்னறை உனக்கு. நாய்கள் குரைப்பது கேட்கும். உனக்குக் கேட்காது, அதுவும் ஒரு வசதிதான். ஜூலை ஐந்தாம் தேதி வண்டிக்குச் சொல்லிவிட்டேன்.

நீ சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

மாத்திரையை நிறுத்தலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். இப்போது நிறுத்தினால் ஏன் என்று கேட்பார், கொஞ்ச நாள் போகட்டும் என்றார். பிறகு இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டார்.

முந்தாநாள் நிமிஷம் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் நடந்துகொண்டே சாய்ந்து விழுந்ததாம். கடிகாரக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். நான்தான் துடிப்பை எண்ணினேன். தொண்ணூறு. நல்ல பூனைக்கு இருநூறுக்குப் பக்கத்தில் இருக்கும். மாத்திரைதான் இதயத்தை அமுக்குகிறது.

புதிதாக வந்திருக்கும் சின்ன டாக்டருக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. நல்ல பெண். கோப்பைப் படித்தாள். கூடப் பிறந்தது இதய நோயில் செத்தது என்று அதில் எழுதியிருக்கிறது. நோய் முற்றுகிறது என்று நினைத்து, அரை மாத்திரையாகக் கூட்டிவிட்டாள். நான் பக்கத்தில் பூனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அரை மாத்திரை வெட்டுவது சுலபம். நடுவில் கோடு போட்டிருக்கிறார்கள்.

தங்கை


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. வண்டி வராது. ஐந்தாம் தேதிக்கு எதையும் கட்டி வைக்காதே.

சொல்லிவிட்டேன்.

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வரும்போதே எனக்குத் தெரியும், இதற்குமேல் முடியாது என்று. செத்த பூனைக்காக வாயை மூடிக்கொள்ள முடிந்தது. உயிரோடு இருக்கிற ஒன்றை என் கையால் வெட்டிக் கொடுத்துக் கொல்ல முடியவில்லை. மறுநாள் காலை கடை திறந்ததும் போனேன். உட்காரச் சொன்னார். உட்கார இடம் இல்லை, நின்றுகொண்டே சொன்னேன். இன்று மாத்திரை கொடுக்காதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு எல்லாம் வந்துவிட்டது.

அவர் திறந்து வைத்திருந்த கடிகாரத்தை மூடினார். அந்த வால்வைப் பார்க்க முடியுமா என்றார். அறுவை அறைக்கு வெளியாட்களை விடக் கூடாது. அழைத்துப் போனேன். மெஷின் முன்னால் குனிந்து, இதுவா, இதுவா என்று கேட்டு, சரியானதைக் காட்டியதும் இரண்டு விரலால் மூடினார், திறந்தார். மறுபடி மூடினார், திறந்தார்.

"இவ்ளோ லேசா திரும்புதே" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. நான் எத்தனையோ திட்டுக்குத் தயாராகப் போயிருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இந்த ஆஸ்பத்திரியை அவர் இனி நம்ப மாட்டார், நம்பச் சொல்லவும் எனக்கு வாய் இல்லை. நானே கூடப் போய் இன்னொரு டாக்டரிடம் காட்டினேன், கொடுத்த அளவையெல்லாம் தேதிவாரியாக எழுதிக் கொடுத்தேன். பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். திரும்பி வரும்போது கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் எழுதிக் குடுக்கத்தான் போறேன். உங்க மேல கோவம் இல்லாம இல்ல" என்றார். கொடுங்கள் என்றேன்.

புகார் கொடுத்தார். பெரிய டாக்டர் வந்ததும் சாவியை மேசைமேல் வைக்கச் சொன்னார். உனக்காகத்தான் பொய் எழுதினேன், நீயே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாய் என்றார். அதுவும் உண்மைதான். இந்த மாதம் முப்பதோடு என் கணக்கு முடிகிறது.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் ஜூலையை எடுத்துவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கட்டில் போட அந்த முன்னறையைக் கூட்டி வைத்திருந்தேன்.

தங்கை


ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? போன கடிதம் கிடைத்ததா? அம்மாவின் புண் எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது ஒரு வரி எழுது.

நான் ஒல்லியின் வீட்டில் ஓர் ஓரத்தில் இருக்கிறேன். வேறு ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பார்த்தேன். ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். பிறகு கூப்பிடுவதாகச் சொல்கிறார்கள். நிமிஷம் ஜன்னலில் ஏறி உட்கார்ந்திருப்பதைத் தெருவிலிருந்து பார்த்தேன்.

பதில் எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தங்கை


ஆகஸ்ட் 11

தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. உன் இரண்டு கடிதமும் வந்தன.

ஆறு வாரமாக எழுதாததற்குக் காரணம் கோபம்தான், வேறொன்றுமில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். காலி செய்கிறேன் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றேன். வருஷக் கடைசி வரை இருக்க விட்டிருக்கிறார். சிரிக்கவில்லை. எனக்கு அங்கே எதற்கு என்று கொடுத்துவிட்ட என் கட்டிலையும் வெட்கத்தை விட்டுத் திரும்பக் கேட்டேன். அதைத் தனியாக உள்ளே இழுத்துப் போட்டபோது உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூச்சு வாங்கியதில் பாதித் திட்டு வெளியே வரவேயில்லை.

இப்போது எழுதப்போவதை உன்னிடம் சொல்லாமலேயே இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

வாரம் ஒரு தடவை வரும் நர்ஸ் ஒரு தாள் கொடுத்திருக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்து, அதில் டிக் அடிக்க வேண்டும். பிப்ரவரியிலிருந்து அதில் மத்தியான டிக் எல்லாம் பொய். அவளுக்குச் சாப்பாடு கொடுத்து முடித்ததும் நான் தரையில் அப்படியே விழுந்துவிடுவேன். காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் விழுவேன். அவள் கூப்பிட்டால் கேட்கக் கூடாது என்றுதான் கழற்றுவேன். நாலு மணிக்கு எழுந்து, விட்ட கட்டங்களுக்கெல்லாம் சேர்த்து டிக் அடித்துவிடுவேன். புண் வந்தபோது நர்ஸ் அந்தத் தாளைப் பார்த்தாள். "நீங்க இவ்ளோ ஒழுங்கா பாத்துக்கிறீங்க. அவங்க தோல்தான் பலவீனம்" என்றாள். நான் ஆமாம் என்றேன். அம்மா அங்கேதான் படுத்திருந்தாள். எல்லாம் தெரிந்தவள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் உன் கடிதம் வந்தது. வாயைத் திறக்காதே என்று எழுதினேனே, அது உனக்கு மட்டும் எழுதியது இல்லை.

நேற்று நர்ஸ் வந்தபோது தாளை நீட்டவில்லை. சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து மத்தியானக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் குறுக்கே அடித்தாள். அத்தனை மாதத்துக்கும் அடித்து முடிக்க வெகுநேரம் ஆனது. "இனிமே விட்டா விட்டதுன்னு போடுங்க" என்றாள். பிறகு, "உங்களுக்குன்னு யாருமே இல்லையா?" என்று கேட்டாள்.

"தங்கச்சி இருக்கா" என்றேன்.

கோபம் இன்னும் தீரவில்லை. அது இருக்கட்டும், வந்தபிறகு நேரிலேயே திட்டிக்கொள்கிறேன். வேலை கிடைத்தால்தான் வருவேன் என்று அங்கே உட்கார்ந்திருக்காதே, இங்கே உனக்கு வேலை இருக்கிறது. பன்னிரண்டிலிருந்து நாலு வரை அம்மா உன் பொறுப்பு. உன் கையால் திருப்பி, உன் கையால் டிக் போடு.

கிளம்பி வா. நான் தூங்க வேண்டும்.

அக்கா